கையில் இருந்த நேரம்: மங்களூரு 2010, கோழிக்கோடு 2020 – ஒரு நிகழ்வு ஆய்வு

"பைலட்டுக்க தப்பு." மங்களூரு விபத்து, கோழிக்கோடு விபத்து என்று பேச்செடுத்தால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பாலும் இந்த ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். இங்கே விமான நிலையம் கிடையாது. ஆனால் தூத்தூர், இனயம், குளச்சல், மார்த்தாண்டம், தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிற குடும்பங்கள்தான் எல்லாம். அதனால் இந்த இரண்டு விபத்துகளும் நமக்கு வெளியூர்ச் செய்திகள் இல்லை. மங்களூருவில் இறந்தவர்களில் பலர் காசர்கோடு பக்கத்துக்காரர்கள். நம்மைப் போலவே கடலோரம், நம்மைப் போலவே துபாய்ச் சம்பாத்தியம்.

நான் விமானப்படையில் தரைப்பணி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பைலட் பயிற்சிக்கும் விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர்களும் கூட வந்து உட்காருவார்கள். அந்த வகுப்புக்காகத் தயாரித்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான்: விமானி செய்தது மனிதத் தவறா, அலட்சியமா? இதற்குப் பதில் தேட நான் பயன்படுத்தும் அளவுகோலும் ஒன்றுதான்: சம்பந்தப்பட்டவரின் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது.

மங்களூரு, 2010 மே 22

துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. போயிங் 737-800. பயணிகள் 160 பேர், பணியாளர்கள் 6 பேர். காலை ஆறு மணி தாண்டிய சில நிமிடங்களில் விமானம் ஓடுபாதையின் கடைசியைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் கதை இரண்டு மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டன் ஒரு மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் பதிவாகியிருக்கிறது. இத்தனைக்கும் பறப்புக்கு முன் அவருக்குப் போதுமான ஓய்வு கிடைத்திருந்தது. விழித்ததற்கும் தரையிறங்க ஆயத்தமானதற்கும் இடையில் அதிக நேரம் இல்லை. விடியற்காலை என்பது மனித மூளை மிக மந்தமாக இருக்கும் வேளை. தூக்கக் கலக்கம் அவருடைய முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என்கிறது அறிக்கை.

இன்னொரு பக்கம், மங்களூருவின் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. ரேடார் இல்லாதபோது கட்டுப்பாட்டாளர் விமானங்களைத் தூரக் கணக்கு வைத்துப் பிரித்தே இறக்குவார். அதனால் இறங்கத் தொடங்கும் அனுமதி வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்தில், சுமார் 77 கடல் மைலில்தான் கிடைத்தது. விமானிகள் அதற்கேற்ற மாதிரி இறக்கத்தைத் திட்டமிடவில்லை. முடிவில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரு நிமிடத்துக்குள். கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்து மூக்கைக் கீழே தள்ளினார். விமானம் நிமிடத்துக்கு 4,000 அடி வேகம்வரை கீழே பாய்ந்தது. சாதாரணமாக இந்தக் கட்டத்தில் 1,000 அடியைத் தாண்டினாலே தரையிறக்கத்தைக் கைவிட வேண்டும். 'சிங்க் ரேட்' (இறங்கும் வேகம் அதிகம்), 'புல் அப்' (மேலே எடு) என்று எச்சரிக்கைக் கருவி கத்திக்கொண்டே இருந்தது. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றார், அதாவது இறங்காமல் மறுபடி மேலே எடுங்கள் என்று. மறுபடி 'கோ அரவுண்ட், கேப்டன்' என்றார். விமானம் நிலைகொள்ளவில்லை, அதாவது வேகமும் உயரமும் பாதையும் இருக்க வேண்டியபடி இல்லை, என்றும் சொன்னார். இதற்கு நடுவில், கருவி வழிகாட்டலில் நிலைகொண்டுவிட்டீர்களா என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்க, 'ஆம்' என்று பதில் சொல்லும்படி கேப்டன் அவரை உந்தினார். 'இல்லை' என்று தன் வாயால் இப்போதுதான் சொன்ன ஆள், அடுத்த மூச்சில் வெளியே 'ஆம்' என்கிறார். பதினைந்து ஆண்டு கழித்து வாசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது.

8,033 அடி நீள ஓடுபாதையில் விமானம் தரையைத் தொட்டது 5,200 அடி தாண்டி. அப்போதும் ஒரு வழி மிச்சம் இருந்தது: முழு பிரேக்கும் முழு ரிவர்ஸும் போட்டு விடாமல் நிறுத்தப் பார்ப்பது. என்ஜின் ரிவர்சரை (உந்துவிசையை எதிர்ப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பை) திறந்துவிட்டால் மறுபடி மேலே எழ முயலக் கூடாது என்பது 737 ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் விதி. கேப்டன் ரிவர்சரைத் திறந்தபின் மனம் மாறி எழும்பப் பார்த்தார். வலது இறக்கை, ஓடுபாதைக்கு அப்பால் ஆன்டெனா வைத்திருந்த காங்கிரீட் மேடையில் மோதியது. அதற்கப்பால் பள்ளம்.

விபத்தின் நேரடிக் காரணமாக அறிக்கை எழுதியது, நிலைகொள்ளாத இறக்கத்தைக் கேப்டன் கைவிடாததும், துணை விமானி மூன்று முறை சொல்லியும் தரையிறங்குவதிலேயே பிடிவாதமாக இருந்ததும். ஆனால் துணைக் காரணங்களில் ஒரு வரி இருக்கிறது, பத்திரிகைகள் அதை அதிகம் எடுத்துப் போடவில்லை: துணை விமானி தானாகவே விமானத்தை மேலே எடுக்கலாமா என்பது பற்றிய உத்தரவுகள் தெளிவில்லாமல் இருந்தன, அதனால்தான் அவர் வாயால் சொன்னாரே தவிரக் கண்ட்ரோலைக் கையில் எடுக்கவில்லை போலும் என்று.

கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7

பத்து ஆண்டு கழித்து அதே நிறுவனம், அதே ரக விமானம், மறுபடி துபாயிலிருந்து, மறுபடி முனையில் பள்ளம் உள்ள மேட்டு ஓடுபாதை, மறுபடி அதன் கடைசியைக் கடந்து பள்ளத்தில். கொரோனாக் காலத்தில் ஆட்களை மீட்டு வந்த விமானம். 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. நெருப்புப் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் எண்ணிக்கை வேறு.

மழை இரவு. முதல் முயற்சியில் கேப்டன் பக்கத்து வைப்பர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோனது. விமானத்தை மேலே எடுத்தார்கள், சரியான முடிவு. அடுத்த முயற்சி எதிர்ப்பக்க ஓடுபாதையில். கிளம்பவிருந்த இன்னொரு விமானத்துக்காகக் கோபுரம் ஓடுபாதையை அவசரமாக மாற்றியது, நனைந்த தரையில் வால்காற்றோடு (பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு) இறங்குவது என்ன ஆகும் என்று யோசிக்காமல் – இதுவும் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கையிலேயே உள்ளது. விமானிகளும் ஏற்றுக்கொண்டார்கள். 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கி.மீ.) வால்காற்றில், 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித் தரை தொட்டார்கள். அதற்கு முன்பே துணை விமானி 'கோ அரவுண்ட்' சொல்லிவிட்டார்.

இரண்டு கேப்டன்களும் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். கோழிக்கோட்டில் இருந்தவர் விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவர். இரண்டு பேருக்கும் அந்தந்த ஓடுபாதை பழகிய இடம். 'தெரியாமல் செய்தார்' என்று சொல்லவே இடமில்லை. அப்படியானால் தெரிந்தே செய்தாரா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

கோழிக்கோட்டுக் கேப்டனுக்கு மறுநாள் அதே ஊரிலிருந்து இன்னொரு பறப்பு குறித்திருந்தார்கள். வேறு ஊருக்குத் திருப்பினால் ஓய்வு நேரக் கணக்கு இடிக்கும், மறுநாள் விமானத்துக்கு ஆள் இருக்காது. ஏன் ஆள் இல்லை? அந்த நிலையத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டனைத்தான் நிறுவனம் நியமித்து வைத்திருந்தது. இது விபத்து நடந்த இரவில் எடுத்த முடிவு இல்லை. அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து, பட்டியல் போட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு. வைப்பர் கதையும் அப்படித்தான். பழுதை டெக் லாக்கில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில், முறையாக எழுதும் பழக்கம் தேய்ந்து போயிருந்ததை விசாரணை சுட்டிக்காட்டுகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் டெக் லாக்கில் எழுதாத பழுது என்பது பழுதே இல்லை. வாயால் சொன்னதற்கு ஸ்பேனரை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் அதற்குக் கணக்கில்லை. எழுதினால் விமானம் நிற்கும், விமானம் நின்றால் மேலிருந்து ஃபோன் வரும். அந்த ஃபோனுக்குப் பயந்து எழுதாமல் விட்டவர் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையிலும் இருக்காது.

கேப்டன் சர்க்கரை நோய்க்கு டாக்டர் எழுதித் தராத மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தார், அதனால் ரத்தச் சர்க்கரை லேசாகக் குறைந்து சிந்தனை தடுமாறியிருக்கலாம் என்பதும் அறிக்கையில் இருக்கிறது. அதை மருத்துவர்கள் பேசட்டும்.

வினாடி, நிமிடம், ஆண்டு

மனிதப் பிழையைப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். கை வழுக்குவது, மறந்துவிடுவது, தவறாகக் கணித்து முடிவெடுப்பது – இவை ஒரு பக்கம். விதி தெரிந்தும் மீறுவது இன்னொரு பக்கம். கேட்க எளிமை. காக்பிட்டில் பொருத்தும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும்.

முதல் வகைக்குச் சுத்தமான உதாரணம் தைவானில் இருக்கிறது. 2015 பிப்ரவரி 4, தைபேயிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏசியா 235. இரண்டு என்ஜினில் ஒன்று சக்தி இழந்தது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற என்ஜினை அணைத்துவிட்டார். தப்பான பக்கத்து த்ராட்டிலை இழுத்துவிட்டேன் என்று அவரே வியந்து சொல்வது ஒலிப்பதிவில் உண்டு. 43 பேர் இறந்தார்கள். வினாடிகளில் நடந்த கைத்தவறு, அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே கேப்டன் முந்தைய ஆண்டு சிமுலேட்டர் (தரையில் வைத்துப் பயிற்சி தரும் போலிக் காக்பிட்) தேர்வில் தோற்று, பிறகு தேறியவர். ஒரு என்ஜின் போனால் என்ன செய்வது என்பதிலேயே அவர் தடுமாறுகிறார் என்பது குறிப்பில் இருந்தது. கேப்டனின் கையில் இருந்தது சில வினாடி. அந்தக் குறிப்பைப் படித்தவர்களின் கையில் இருந்தது மாதக்கணக்கில்.

இரண்டாம் வகையின் எல்லை எது என்றால் 1994 மார்ச்சில் சைபீரியாவில் விழுந்த ஏரோஃபிளாட் 593. கேப்டன் தன் 15 வயது மகனை ஓட்டும் இருக்கையில் உட்கார வைத்தார். பையன் கைபட்டு ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி விடுபட்டது. 75 பேர் போனார்கள். இதற்கு ஆய்வெல்லாம் தேவையில்லை.

மங்களூருவும் கோழிக்கோடும் இந்த இரண்டுக்கும் நடுவில். அலட்சியமா என்று தீர்மானிக்கப் பலர் கையாளும் சோதனை ஒன்று உண்டு: அதே பயிற்சி பெற்ற வேறொரு விமானியை அந்த இருக்கையில் உட்கார வைத்தால் அவரும் அதையே செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் இவரைத் தனியாகப் பிடித்துத் தண்டிப்பதில் பயனில்லை. நல்ல சோதனைதான். ஆனால் நிலைகொள்ளாத இறக்கத்தில் இதைப் பொருத்தினால் ஒரு சங்கடமான உண்மை வெளிவரும். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற சர்வதேச அமைப்பு ஆராய்ந்ததில், நிலைகொள்ளாத இறக்கங்களில் சுமார் 97 சதவீதம் அப்படியே தரையிறக்கத்தில் முடிகின்றன. மேலே எடுப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அதாவது, விதியை மீறுவதுதான் வழக்கம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஓடுபாதை நீளமாக இருக்கும், தரை காய்ந்திருக்கும், பயணிகள் கைதட்டி இறங்கிப் போவார்கள். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அடுத்த முறைக்குத் துணிச்சல் ஏறும்.

சரி, வழக்கம் என்று சொல்லிக் கேப்டனை விட்டுவிடலாமா? என்னால் முடியவில்லை. நூறு பேரில் 97 பேர் செய்கிறார்கள் என்பது, 'புல் அப்' என்று கருவி கத்துவதையும் பக்கத்தில் இருப்பவர் மூன்று முறை சொல்வதையும் கேட்டுவிட்டுத் தொடர்வதற்குச் சாக்கு ஆகாது. மங்களூரு கேப்டனுக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஒவ்வொரு எச்சரிக்கையும் அவருக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு. தூக்கக் கலக்கம் அந்த நிமிடத்தை விளக்கும், முழுதாக நியாயப்படுத்தாது.

ஆனால் அந்த 97 சதவீதம் பற்றிய தகவல் யார் கையில் இருக்கிறது? ஒவ்வொரு பறப்பின் வேகம், உயரம், இறங்கிய வேகம், தரை தொட்ட இடம் எல்லாம் கருவியில் பதிவாகிறது. நிறுவனம் அதைத் தரவிறக்கிப் பார்க்க வேண்டும்; எந்த விமானி எத்தனை தடவை ஓடுபாதையில் தூரம் தள்ளித் தொட்டார் என்பது ஒரு கிளிக்கில் தெரியும். பார்க்காமல் விட்டால், அல்லது பார்த்தும் பேசாமல் இருந்தால், அவர்களுக்கு இருந்தது ஒரு நிமிடம் இல்லை. 2010-க்கும் 2020-க்கும் நடுவில் பத்து ஆண்டு. கோழிக்கோடு அறிக்கை நேரடிக் காரணமாக விமானிகளைச் சொன்ன கையோடு, அமைப்பின் தோல்வியை ஒதுக்க முடியாது என்றும், மேல்மட்ட நிர்வாகக் கொள்கைகள் பயிற்சியிலும் பாதுகாப்பிலும் கண்காணிப்பு இல்லாமல் செய்ததால் மனிதத் தவறு விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன என்றும் எழுதியது. 'திரும்பத் திரும்ப' என்று அரசின் அறிக்கையே எழுதிய பிறகு அதைத் தவறு என்று மட்டும் கூப்பிடுவது எப்படி?

தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தை நம் மக்களுக்கு விளக்கவே வேண்டாம். மணல் திட்டு அடைத்து, அலை உடைந்து, வள்ளமும் போட்டும் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கரையில் முதலில் வரும் பேச்சு ஸ்ராங்கு (போட்டை ஓட்டுபவர்) அலையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டான் என்பது. அலையைக் கணித்தது அவன் தவறாகவே இருக்கட்டும். மணலை அள்ளச் சொல்லி ஊர் போராடிய காலம் முழுக்க அள்ளாமல் கிடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் இதை வகுப்பில் சொன்னபோது அரங்கம் முழுக்கத் தலையாட்டியது. விமானத்துக்கு மட்டும் ஏன் "பைலட்டுக்க தப்பு" என்று நிறுத்திக்கொள்கிறோம் என்று கேட்டேன்.

சிமுலேட்டர் பழுதானால்

பயிற்சி பற்றிக் கோழிக்கோடு அறிக்கை சொல்வதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் சிமுலேட்டர் சரியாகப் பராமரிக்கப்படவில்லை, அவ்வப்போது புதுப்பிக்கப்படவில்லை, பெரிய பழுதுகள் அடிக்கடி வந்தன. அதன் விளைவை அறிக்கை எதிர்மறைப் பயிற்சி என்கிறது. பழுதுள்ள சிமுலேட்டரில் உட்காரும் விமானி, பிரேக் சரியாகப் பிடிக்காததை, அல்லது எச்சரிக்கை வராததை, அல்லது வேண்டாத நேரத்தில் வருவதை 'இது மெஷின் கோளாறு' என்று ஒதுக்கப் பழகுவார். நிஜ விமானத்தில் அதே எச்சரிக்கை வரும்போது அந்தப் பழக்கமும் சேர்ந்தே வரும். பயிற்சி இல்லாமல் இருப்பதைவிட இது மோசம்.

இன்னொன்று: சோதனைப் பறப்புகளில் கட்டாயமாகப் பார்க்க வேண்டிய பயிற்சிகள் எல்லாவற்றையும் தேர்வாளர்கள் பல நேரம் பார்க்கவே இல்லை. படிவத்தில் டிக் இருக்கும். ஒரு பரிசோதகர், நேரம் போதவில்லை என்று ஒரு பயிற்சியை விட்டுவிட்டு டிக் அடிக்கும்போது அவர் மனதில் யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. 'நல்ல பையன், ஓட்டிவிடுவான்' என்ற நம்பிக்கைதான். ஆனால் அவர் கையில் நிதானமான நேரம் இருந்தது, கருவி கத்தவில்லை, ஓடுபாதை முடியப்போகவில்லை. என் கணக்கில் கேப்டனைவிட அவர்தான் அலட்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, அது மோசடி. 2011 ஜனவரியில் கோவாவில் ஒரு விமானம் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் படும்படி இறங்கியது. ஏன் இப்படி என்று தோண்டியதில் அந்த கேப்டனின் தேர்வு மதிப்பெண் பட்டியலே போலி என்று வந்து, தொடர்ந்து இன்னும் சிலர் கைதானார்கள். அதே ஆண்டில், பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிய விவகாரமும் வெளிவந்தது. பறக்காமல் எழுதும் நேரத்துக்குப் 'பார்க்கர் பேனா மணி' என்ற கேலிப்பெயர் விமானிகளிடையே ரொம்ப காலமாகவே உண்டு. 2020-ல் பாகிஸ்தான் அமைச்சர், அந்நாட்டு விமானிகள் 860 பேரில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டும் குடும்பத்துக்கு, அதில் இருபது மணியைச் சும்மா எழுதித் தருகிறோம், காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் அது சலுகை மாதிரித் தெரியும். அந்த இருபது மணியில்தான் பிள்ளை குறுக்குக் காற்றில் இறங்கப் பழகியிருக்க வேண்டும்.

சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது

மூன்று இடத்தில் ஒரே செயலுக்கு மூன்று விதக் கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்கிறது. மங்களூருவுக்குப் பிறகு, 2012-ல் இதற்கென்று விபத்துப் புலனாய்வுப் பிரிவை இந்தியா தனியாக அமைத்தது.

குற்றவியல் நீதிமன்றத்தில் வேறு. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106. தண்டனையின் உச்சம் இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக ஏறியிருக்கிறது. மருத்துவர் வழக்கு ஒன்றில், ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் விமானிகளுக்கும் பொருத்திப் பார்ப்பது வழக்கம்: முடிவெடுப்பதில் நேர்ந்த பிழை தன்னளவில் அலட்சியம் ஆகாது, குற்றமாக வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ம் ஆண்டு விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தன் அனுபவத்துக்கும் பயிற்சிக்கும் தக்கபடி நடந்தவரைத் தண்டிக்காதே. கடும் அலட்சியத்தையும் வேண்டுமென்றே மீறுவதையும் விடாதே. விமானிகள் இறந்துவிட்டதால் இந்த இரண்டு வழக்கிலும் அவர்களைக் கூண்டில் ஏற்றும் பேச்சே எழவில்லை. பட்டியல் போட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இழப்பீட்டில் இந்தப் பிரிவினை அவ்வளவாக உதவாது, அது நம் குடும்பங்களுக்கு நல்லதுதான். 2009-ல் இந்தியா சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, ஒரு வரம்புவரை யாருடைய தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம், நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் கேட்டால், தன் பக்கமோ தன் ஊழியர் பக்கமோ அலட்சியம் இல்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். 'பைலட்டின் தப்பு' என்று சொல்லி நிறுவனம் தப்பிக்க முடியாது. பைலட் அவர்களுடைய ஊழியர். பின்னால் யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு வந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

குடையைப் பிடித்து இழுத்தவன்

வகுப்பில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் கண்ட்ரோலுக்குப் பதிலாக ஒரு குடையை வைத்தேன். இடது நாற்காலியில் வயதில் மூத்த மாணவன், கேப்டன். வலதில் பிளஸ் டூ முடித்த பையன். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் நான் வாசிப்பேன். கேப்டனிடம் தனியாகச் சொல்லி வைத்தேன்: அவன் என்ன சொன்னாலும் நீ கேட்காதே.

ஆயிரம் அடியில், வேகம் அதிகம் என்றதும் பையன் சொன்னது: "அண்ணே, கோ அரவுண்ட் பண்ணலாமா?"

அறுநூறு அடி. "அண்ணே, கோ அரவுண்ட்..." குரல் கொஞ்சம் இறங்கியே வந்தது. முந்நூறு அடியில் என்னைத் திரும்பிப் பார்த்தான். குடை கேப்டன் கையிலேயே இருந்தது. விமானம் தரையில் மோதிவிட்டது என்று நான் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இனயத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஒருவர், ஆழ்கடல் போட்டில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர், பின்னாலிருந்து எழுந்தார். "சாரே, ஸ்ராங்குக்க கையில இருந்து சுக்கான பிடிச்சு வாங்கினவனுக்கு அடுத்த தங்கலுக்கு போட்டில இடம் உண்டா? பிள்ளய மட்டும் எப்பிடி குத்தம் சொல்லுவிய?"

"குத்தம் சொல்லல அண்ணே. வாங்கலாம்னு எழுத்துல இருந்தா?"

"எழுதினவன் அண்ணைக்கு போட்டில இருப்பானா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மங்களூரு அறிக்கை தெளிவில்லாத உத்தரவு என்று எழுதியது இதைத்தான். கோழிக்கோட்டில், துணை விமானி கண்ட்ரோலை எடுக்காததையும் காரணத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பல நிறுவனங்களில் இப்போது விதி இருக்கிறது: இரண்டு முறை சொல்லியும் கேப்டனிடமிருந்து உரிய பதில் வரவில்லை என்றால், அவர் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு துணை விமானி 'ஐ ஹாவ் கண்ட்ரோல்' என்று சொல்லி விமானத்தை வாங்க வேண்டும். விதி காகிதத்தில் இருப்பது ஒன்று. வீட்டில், பள்ளியில், பயிற்றுநரிடம் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று வளர்ந்த கை, ஐந்து வினாடியில் அதைச் செய்வது இன்னொன்று. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காத கைக்கு அது வராது. செய்ய வைக்காத நிறுவனம், பிறகு துணை விமானி ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது சுற்றில் பையன் எழுநூறு அடியிலேயே குடையைப் பிடித்து இழுத்தான். கேப்டன் விடவில்லை, குடைக் கம்பி வளைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அதே பயிற்சியை மறுபடி தொடங்கினேன், இந்த முறை 'ஐ ஹாவ் கண்ட்ரோல்' என்றதும் கேப்டன் கையை விட்டுவிட வேண்டும் என்று அவனுக்கும் சொல்லி. வாங்கும் பயிற்சி எவ்வளவு முக்கியமோ கொடுக்கும் பயிற்சியும் அவ்வளவு.

பறப்புப் பள்ளி தேடும் பெற்றோர், பளபளப்பான கையேட்டையும் சீருடைப் படத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சில காரியங்களைக் கேளுங்கள். விமானங்கள் எத்தனை பறக்கும் நிலையில் இருக்கின்றன, எத்தனை ஷெட்டில் நிற்கின்றன. மாணவரே எழுதிய பாதுகாப்புப் புகார்கள் எத்தனை, அவற்றுக்குப் பதில் என்ன ஆனது. ஒரு புகார்கூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால் அங்கே யாரும் எழுதத் துணியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரின் பழுதுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் முன்பணம் கட்டாமல் அடுத்த பள்ளிக்கு ஃபோன் போடுங்கள்.